பந்து ஏன் விழுந்தது?

ஹட்டன் டவுனில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போன காலத்தில், சேர் வெளியே போனதும் நாங்கள் திறப்பது எக்செல் இல்லை, பின்பால். விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த 'ஸ்பேஸ் கேடட்'. ஒரு கம்பியூட்டருக்கு மூன்று பேர். இடது பிளிப்பர் ஒருவனுக்கு, வலது இன்னொருவனுக்கு, மூன்றாமவன் ஸ்கோரைப் பார்த்துக் கத்துவான்.

பந்து கீழே விழக்கூடாது. அது மட்டும்தான் எங்களுக்கு விளங்கியது. வலப்பக்கம் ஒரு சின்னப் பெட்டியில் இங்கிலிஷில் ஏதோ மாறிமாறி வரும். கண் பந்திலேயே இருக்கும்போது அதை யார் வாசிப்பது? சிலநேரம் பிளிப்பர் இரண்டும் திடீரென்று செத்துவிடும். "கம்பியூட்டர் ஸ்டக் ஆயிருச்சுடா" என்போம். மேசையை அளவுக்கு மீறி உலுக்கியதற்கு அது தண்டனை என்று பிறகுதான் தெரிந்தது.

பல வருஷம் கழித்து அந்த விளையாட்டின் விதிகளைத் தேடி வாசித்தேன். மூன்று இலக்குகளில் பந்தை அடித்து ஒரு மிஷனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு சாய்தளத்தில் பந்தை ஏற்றினால்தான் மிஷன் தொடங்கும். மிஷன்களை முடிக்க முடிக்கப் பதவி உயரும். மொத்தம் 9 பதவிகள். பழைய கூட்டாளிக்கு மெசேஜ் போட்டேன்: "நாம கடைசி வரைக்கும் கேடட்டாவே இருந்திருக்கோம்டா."

எங்கள் இங்கிலிஷ் குறைவு என்று சொல்லலாம். ஆனால் அது மட்டும் காரணமில்லை. பின்பாலில் கண் பந்தை விட்டு நகராது. சொல்ல வேண்டியதை வேறு இடத்தில் எழுதி வைத்தால் அது வடிவமைப்பின் பிழை.

நிஜ பின்பால் மெஷினை நான் தொட்டதில்லை, வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். புது மெஷின்களிலும் இதே சிக்கல் இருக்கிறது. 2013இல் வந்த 'விசார்ட் ஒஃப் ஓஸ்' மெஷினின் தலையில் 26 அங்குலத் திரை. படம் அழகாக ஓடுகிறது, ஆடுகிறவரோ குனிந்து பந்தைப் பார்க்கிறார். மேசையில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் மின்னினால் எதை அடிப்பது? 1997இல் வந்த 'மெடீவல் மேட்னஸ்' வேறு மாதிரி. நடுவில் ஒரு கோட்டை. அடி, பாலம் இறங்கும். இன்னும் அடி, கோட்டை சரியும். உள்ளே எத்தனையோ விதிகள் உண்டு, ஆனால் முதல் விதியை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஸ்பேஸ் கேடட் விஸ்டாவில் இல்லாமல் போன கதையை மைக்ரோசொப்ட் பொறியியலாளர் ரேமண்ட் சென் 2012இல் எழுதினார். 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து பொருட்களை ஊடுருவிக் கீழே விழுந்ததாம். குறியீட்டின் பெரும்பகுதியில் விளக்கக் குறிப்பே இல்லாததால் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். எங்களுக்கு விளங்காத விளையாட்டு, கடைசியில் அவர்களுக்கும் விளங்கவில்லை.

கஷ்டமான விளையாட்டு வேறு, விளங்காத விளையாட்டு வேறு. கெரமில் ராணியைப் போட்டுவிட்டு அடுத்த காயைப் போடாவிட்டால் ராணி திரும்ப நடுவுக்கு வரும். லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். தோற்றால் கோபம் வரும், ஆனால் ஏன் தோற்றோம் என்று தெரியும். அடுத்த ஆட்டத்தில் திருத்தலாம்.

அம்மா பறித்த கொழுந்தை நிறுக்கும்போது சில கிலோ கழிப்பார்கள். எதற்கு என்று கேட்டால் "அது அப்பிடித்தான்" என்று பதில் வரும். அம்மா ஒன்றும் பேசாமல் வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு திரும்ப மலை ஏறுவார். பந்து ஏன் விழுந்தது என்று கேட்கிற பழக்கம் எனக்கு விளையாட்டில் மட்டும் வந்ததில்லை.