1968-இல் பிறந்த டிரைவர்

விண்டோஸ் கணினியின் டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு சாதனத்துக்கும் அதன் டிரைவர் எந்தத் தேதியினது என்று ஒரு வரி இருக்கும். பழைய டிரைவரால்தான் கணினி கிளம்பவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால், எல்லோரும் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது என்று என்னைத் தேட வைத்தது எங்கள் பகுதியில் டி.டி.பி. கடை நடத்தும் ஓர் அண்ணனின் கணினி.

விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கு மாறிய சில நாளிலேயே தொல்லை தொடங்கியது. ஆன் செய்தால் நீலத்திரை, தானாக ரீஸ்டார்ட், மறுபடியும் நீலத்திரை. பார்க்க வந்த மெக்கானிக், "ஃபார்மட் போட்டு ஓ.எஸ். ஏத்திடலாம்" என்று சொல்லிவிட்டார். அதற்குள்ளே பல வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் தேடித்தேடிச் சேர்த்த எழுத்துருக்களும் இருந்தன. அண்ணன் சம்மதிக்கவில்லை. எனக்கும் மனம் வரவில்லை. எதற்கெடுத்தாலும் ஃபார்மட் என்கிற பழக்கத்தால் எத்தனை சின்னக் கடைகளின் உழைப்பு அழிந்து போகிறது!

கணினி அடுத்தடுத்து கிளம்பத் தவறினால் விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் ஆனதும் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அத்தியாவசியமான டிரைவர்கள் மட்டுமே அதில் ஏறும். கணினி சமர்த்தாகத் திறந்தது. அப்படியானால் கோளாறு பெரும்பாலும் சேஃப் மோடில் ஏறாத ஏதோ ஒரு டிரைவரில்தான்.

டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். சிப்செட் வரிசையில் 18-07-1968 என்ற தேதி. வேறு பலவற்றில் 21-06-2006. அண்ணன் திரையில் விரலை வைத்தார்: "தம்பி, நான் பொறக்கறதுக்கு முந்தின தேதி போட்டிருக்கு பாருங்க. இதைத் தூக்கிட்டா சரியாயிடுமா?"

தூக்கவில்லை. இன்டெல்லின் முதல் மைக்ரோபிராசசரான 4004 வந்ததே 1971-இல். விண்டோஸின் முதல் பதிப்பு 1985-இல். 1968-இல் இந்த டிரைவரை யார் எழுதியிருக்க முடியும்?

தேடிப் பார்த்தபோது கிடைத்த விடை என்னை அசர வைத்தது. 1968 ஜூலை 18, ராபர்ட் நாய்ஸும் கோர்டன் மூரும் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் இன்டெல்லைத் தொடங்கிய நாள். அந்தத் தேதியை அந்நிறுவனம் வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறது. அந்தச் சிப்செட் கோப்பு உண்மையில் முழு டிரைவரே அல்ல. இன்ன சில்லுக்கு இன்ன பெயர் என்று விண்டோஸுக்குச் சொல்லும் உரைக்கோப்பு. அந்தச் சில்லுக்கென்றே எழுதப்பட்ட வேறு டிரைவர் கணினியில் இருந்தால் அதை இது தள்ளிவிடக் கூடாது. அதனால்தான் போட்டியில் தோற்கும்படி ஒரு பழைய தேதி.

2006-க்கும் இதே கதைதான். மைக்ரோசாஃப்டின் மூத்த பொறியாளர் ரேமண்ட் சென் அதை விளக்கி எழுதியிருக்கிறார். ஒரு சாதனத்துக்குப் பல டிரைவர்கள் இருந்தால், அதன் அடையாள எண்ணோடு நெருங்கிப் பொருந்துவதையே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். பொருத்தம் சமமானால் புதிய தேதி வெல்லும். தேதியும் சமமென்றால் பதிப்பு எண். மைக்ரோசாஃப்ட் தன் பொது டிரைவர்களுக்கு அன்றன்றைய தேதியைப் போட்டால், தயாரிப்பாளர் தன் சாதனத்துக்கென்றே செதுக்கித் தந்த டிரைவரை ஒவ்வோர் அப்டேட்டும் துரத்திவிடும். எனவே உள்ளிருக்கும் கோப்பு புதிதானாலும், விஸ்டா வெளிவருவதற்கு முந்தைய ஒரு தேதி அதன் மேல் நிற்கிறது. விட்டுக்கொடுப்பதற்காகவே வைத்த தேதி! இதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை வந்தது.

குற்றவாளி வேறெங்கோ இருந்தது. விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்றொரு கோப்புறை உண்டு. நீலத்திரை வரும்போது அந்தக் கணத்தின் நிலவரம் அங்கே பதிவாகும். மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் டீபக்கரில் அதைத் திறந்தேன். கணினியின் பின்னால் செருகியிருந்த யூ.எஸ்.பி. வைஃபை குச்சியின் டிரைவர் பெயர் வந்தது. விண்டோஸ் 7 காலத்தில் சி.டி.யிலிருந்து ஏற்றியது. நினைவகத்தின் சில பகுதிகளைத் தொடக்கூடாத அவசர கட்டத்தில் அது அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படி நடந்தால் விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். குச்சியைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தோம். நீலத்திரை வரவில்லை. டிவைஸ் மேனேஜரில் அதன் தேதியோ, நாங்கள் சந்தேகப்பட்ட 1968-ஐவிடப் பல பத்தாண்டுகள் புதியது.

அந்தக் குச்சியின் உறையில் ஒரு நிறுவனத்தின் பெயர்; உள்ளே இருந்த சில்லு இன்னொரு நிறுவனத்துடையது. டிவைஸ் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐ.டி. என்ற எண்ணைப் பார்த்தால் சில்லு யாருடையது என்பது தெரிந்துவிடும். பழையதை நீக்கும்போது, டிரைவர் மென்பொருளையும் அழிக்கும்படி கேட்கும் கட்டத்தில் டிக் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் சாதனத்தைச் செருகியதும் விண்டோஸ் சேமிப்பிலிருந்து அதே பழையதை எடுத்து மறுபடி ஏற்றிவிடும். பிறகு சில்லுத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து விண்டோஸ் 10-க்கான டிரைவரை இறக்கி ஏற்றினோம். கடையின் கோப்புகள் ஒன்றுகூடப் போகவில்லை.

உங்கள் கணினியிலும் 1968 என்று கண்ணில் பட்டால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அந்தத் தேதிகளைக் காட்டிப் பயமுறுத்தி, டிரைவர்களைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று காசு கேட்கும் மென்பொருள்களை வாங்காதீர்கள். நீலத்திரை வந்தால் முதலில் மினிடம்ப்பைப் பாருங்கள். எந்த டிரைவரைத் தொடுவதற்கு முன்பும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் எடுத்து வையுங்கள்.