வுழூத் தண்ணீரில் பூக்கும் ஹைட்ரேஞ்சியா



எங்கள் வீட்டு வாசலில் பூத்து நிற்கும் நீல ஹைட்ரேஞ்சியாவைப் பற்றி இந்த நாட்களில் நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். பாதிப்பேர் கேட்பது வெட்டுத்துண்டு. மீதிப்பேர் கேட்பது, "இந்த வரட்சியில டீச்சர் வீட்டுக்கு மட்டும் எங்க இருந்து தண்ணி?" என்று. இரண்டாவது கேள்வி நியாயமானது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் செடியைப் பற்றி. இதன் பூர்வீகம் ஜப்பான். நம் மலைநாட்டுக் குளிர் இதற்கு நன்றாகப் பிடித்துப்போனது. நுவரெலியா, ஹக்கலைப் பக்கம் போனவர்கள் வீதியோரத்திலேயே புதர் புதராகப் பார்த்திருப்பீர்கள். மொட்டு உருவாகக் குளிர் வேண்டும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் சாடியோடு வாங்கிக் கல்முனைக்கும் புத்தளத்துக்கும் கொண்டு போகிறவர்களுக்கு அடுத்த வருடம் இலை மட்டும் மிஞ்சுவது அதனால்தான். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் இருக்கிற நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு இருக்கும் கவலை தண்ணீர்.

தென்மேல் பருவமழை நுவரெலியாப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்கு வரும்போது வெறும் காற்றாகத்தான் வருகிறது. யூன் தொடக்கம் செப்டெம்பர் வரை மண்ணை உலர்த்துவது அந்தக் காற்றுதான். ஹைட்ரேஞ்சியாவுக்கோ அகலமான இலை, ஆழமில்லாத வேர். கிரேக்க மொழியில் இதன் பெயரே தண்ணீர்ப் பாத்திரம் என்ற பொருளில் வந்தது. விதைக்கூடு சின்னக் குடம்போல இருப்பதால் அப்படிப் பெயர் வைத்தார்கள். செடியின் தாகத்துக்கும் அந்தப் பெயர் பொருந்துகிறது.

நாங்கள் இதை நடப் போகிறோம் என்றதும் மேட்டு வீட்டு மாமி சொன்னார்: "பூ வடிவுதான் மகள். ஆனா கீழ நீங்க ஹோஸ் புடிச்சா மேல எங்களுக்குத் தண்ணி ஏறாது." அவர் வீட்டில் படுக்கையில் ஒரு நோயாளி இருக்கிறார். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வரும் மாதங்களில் அவர் குடத்தோடு இறங்கி வருவதை நாம் எல்லோருமே கண்டிருக்கிறோம். பூவுக்காக அயலவரின் குடத்தைக் காயவிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆகவே நடுவதற்கு முன்பே வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். வரட்சி மாதங்களில் இந்தச் செடிக்கு நேரடியாகக் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. ஒருமுறை பாவித்த தண்ணீர் மட்டும்தான்.

எந்தத் தண்ணீர்? உடுப்புக் கழுவியதும் பாத்திரம் கழுவியதும் இதற்குச் சரிவராது. சவர்க்காரத் தண்ணீர் காரத்தன்மை உடையது. இந்தச் செடி விரும்புவது அமில மண். வீட்டில் சவர்க்காரம் படாமல் ஒவ்வொரு நாளும் ஓடிப்போகும் தண்ணீர் எது என்று பார்த்தால், நாம் வுழூச் செய்யும் தண்ணீர்தான்.

மார்க்க ரீதியாக இதில் தடை ஏதும் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபின்படி பர்ழான வுழூவுக்குப் பாவித்த தண்ணீர் முஸ்தஃமல். அதால் மீண்டும் வுழூச் செய்ய முடியாது. ஆனால் அது சுத்தமான தண்ணீர்தான், செடிக்குத் தாராளமாக ஊற்றலாம்.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். ஒரு நாள் வாளி வைத்து அளந்து பார்த்தோம். குழாயைத் திறந்துவிட்டுச் செய்தால் ஒருவருக்கு மூன்று லீற்றரைத் தாண்டியது. கோப்பையில் எடுத்துச் செய்தால் ஒரு லீற்றரோடு முடிந்தது. ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில், அதாவது இரு கையும் சேர்த்து அள்ளும் அளவில், வுழூச் செய்ததாக ஹதீஸில் வருகிறது. அது ஒரு லீற்றருக்கும் குறைவு. "சிக்கனமா செஞ்சா பூவுக்குக் காணாதே உம்மா" என்றார் சின்னவர். முதலில் சிக்கனம், அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் பூவுக்கு என்று சொல்லிக் கொடுத்தோம். அப்படிச் செய்தும் நாளைக்கு இரண்டு வாளி சேர்கிறது. மூன்று செடிக்கு அது போதும். பல் துலக்குவதை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றினோம்.

இனி, கேட்டவர்களுக்காகச் செய்முறை:

பூக்காத கிளையில் இரண்டு மூன்று கணு உள்ள துண்டை வெட்டுங்கள். கீழ் இலைகளை அகற்றி, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வையுங்கள். சில வாரங்களில் வேர் பிடிக்கும். நடும் இடத்தில் காலை வெயில் பட வேண்டும், பின்னேரம் நிழல் வேண்டும். மக்கிய எரு போட்டு, அடியில் காய்ந்த இலையைத் தடிப்பாகப் பரப்பினால் ஈரம் நிற்கும். மத்தியான வெயிலில் இலை தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாலையில் தானாக நிமிரும். பூ வாடியதும் பூவை மட்டும் கிள்ளுங்கள். அடுத்த பூ பெரும்பாலும் பழைய கிளையில்தான் வரும், அடியோடு வெட்டினால் அது போய்விடும். இலையில் நஞ்சு இருக்கிறது. ஆடு, மாடு, சிறுபிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைத் தீர்மானிப்பது மண். பீ.எச். 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேருக்குள் போகும், பூ நீலமாகும். 6.5க்கு மேலே போனால் இளஞ்சிவப்பு. இடைப்பட்டால் ஊதா. தேயிலை மண் அமிலம் என்பதால் அங்கே நீலம். டொலமைட் போட்ட மரக்கறித் தோட்டத்து ஓரத்திலும் சீமெந்து மதிலடியிலும் சிவப்புப் பக்கம் சாயும். துருப்பிடித்த ஆணியைப் புதைத்து நீலமாக்கலாம் என்பது வெறும் கதை. நிறத்தை மாற்றுவது இரும்பல்ல. வெள்ளைப் பூ இனம் என்ன செய்தாலும் நீலமாகாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐந்து பேர் உள்ள வீட்டிலேயே இரண்டு வாளி என்றால், ஐந்து வக்தும் நம் பள்ளிவாசலில் ஓடுவது எவ்வளவு? ஜும்ஆ நாளில் எவ்வளவு? அத்தனையும் கானுக்குள் போகிறது. மலசலகூடத் தண்ணீர் கலக்காமல் வுழூத் தண்ணீரை மட்டும் தனிக் குழாயில் பிரித்து, பள்ளிக்குப் பின்னால் இருக்கும் வெறும் மேட்டுக்கு விடலாம். டெங்கு நுளம்பு பெருகாமல், தேங்கி நிற்காத மாதிரி விட வேண்டும். அங்கே ஹைட்ரேஞ்சியாதான் நட வேண்டும் என்றில்லை. கொய்யா, தோடை, எலுமிச்சை நட்டால் இன்னும் நல்லது. நட்ட மரத்தில் மனிதனோ பறவையோ உண்பது நட்டவருக்கு ஸதகா என்பதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நிர்வாக சபை சகோதரர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். குழாய் வாங்க எங்கள் வீட்டுப் பங்கை இப்போதே தரத் தயார், இன்ஷா அல்லாஹ்.

வெட்டுத்துண்டு கேட்டவர்கள் இப்போது வர வேண்டாம், இந்தக் காற்றில் பிழைக்காது. ஒக்டோபர் மழை விழுந்ததும் ஆளுக்கு ஒரு வெறும் யோகட் கோப்பையோடு வாருங்கள். அடியில் துளை போட்டுக் கொண்டு வாருங்கள்.