ஆயுள் உள்ளவரையில்

குத்தகைக்குத் தவணை வைப்பவர்கள் சாதாரணமாக வருஷக் கணக்கில் வைப்பார்கள். ஆனால், "உம்முடைய ஆயுள் உள்ளவரையில் அனுபவித்துக் கொள்ளும்" என்று எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. இதைவிடத் தாராளமான வாசகம் வேறு இருக்க முடியுமா என்று தோன்றும். தாராளம் யாருக்கு என்பதுதான் கேள்வி.

சிறுசேரிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், தாம் குடியிருக்கும் வீட்டுக்கு அத்தகைய பத்திரம் ஒன்றை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஒரு நாள் எனக்குக் காட்டி மகிழ்ந்தார். அருகில் நின்ற அவர் மனைவி, "எல்லாம் சரி, இவருக்குப் பிறகு நான் எங்கே போவது என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள்" என்றாள். பார்த்தேன்; எழுதியிருக்கவில்லை.

அந்த அம்மாளின் கவலை நியாயமானது. காலவரையறை இல்லாமல் ஒருவருக்குக் கொடுத்த உரிமை பொதுவாக அவர் ஆயுளோடு தீர்ந்துவிடும் என்றும், வாரிசுகளுக்கும் சேரவேண்டுமானால் அந்த எண்ணம் வெளிப்பட வேண்டும் என்றும் லண்டன் பிரிவி கௌன்ஸில் 1877-ம் வருஷத்திலேயே தீர்ப்பளித்தது. 'ஆயுள் உள்ளவரையில்' என்று வெளிப்படையாகவே எழுதிய பிறகு சந்தேகத்துக்கு இடமேது? போதாக்குறைக்கு, 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-வது பிரிவு, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுப் பத்திரத்தினால்தான் ஏற்படுத்த முடியும் என்கிறது. பதிவு செய்யாத காகிதத்தை நம்பினால், ஆயுள் முழுவதற்குங்கூட உத்தரவாதமில்லை!

இங்கிலாந்தில் 1925-ம் வருஷத்துச் சட்டம், வாடகையுள்ள ஆயுள் குத்தகையை 90 வருஷக் குத்தகையாக மாற்றிவிடுகிறது. குத்தகைதாரர் இறந்த பிறகும், ஒரு மாத நோட்டீஸாவது கொடுத்துத்தான் அதை முடிக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் செங்கற்பட்டுச் சீமையிலேயே முற்காலத்தில் உள்குடி, பரகுடி என்று இருவகைப் பாயக்காரிகள் இருந்தார்கள். 1818-ல் மிராசு உரிமையைப் பற்றி எல்லிஸ் துரை எழுதியதில் இவ்விவரம் காணலாம். பரகுடிக்குத் தவணை உண்டு. உள்குடியோ செலுத்த வேண்டியதைச் செலுத்தி வரும்வரையில் வெளியேற்றப்பட மாட்டான். அவன் உரிமை பிள்ளைகளுக்கும் சேரும்.

இன்று அதே சிறுசேரியில் சிப்காட் பூங்காவில் கம்பெனிகளுக்கு 99 வருஷக் குத்தகையில் நிலம் கொடுக்கிறார்கள். கம்பெனிக்கு மூப்பும் இல்லை, விதவையும் இல்லை. அதற்கே வருஷத்தை எண்ணி எழுதி வாங்குகிறார்கள். மனிதன் மட்டும் தன் மூச்சை நம்பிக் கையெழுத்திடலாமா?

ஆகையால், ஆயுள் குத்தகை வாங்குகிறவர்கள், "எனக்குப் பின் என் மனைவியின் ஆயுள் உள்ளவரையிலும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி, ரிஜிஸ்திரார் ஆபீஸுக்கும் ஒரு நடை போய்வருவது நலம். அந்த ஒரு வரிக்கு மசி அதிகம் செலவாகாது.