ஏத்துறது இன்ஜின்... இறக்குறது யாரு?

தேனிப் பக்கம் போய் யாரிடமாவது, "உங்க ஜீப் ரொம்பப் பழசு போலிருக்கே?" என்று கேட்டுப் பாருங்கள். கோபம் வராது. ஆச்சரியம்தான் வரும்.

"பழசா? இன்ஜின் வேலை பாத்து ஒரு வருஷம்தாண்ணே ஆச்சு. கியர் பாக்ஸ் போன தீவாளிக்குப் பிரிச்சது. பாடி கட்டி ஆறு மாசம். இதுல எதைப் பழசுங்கிறீங்க?"

யோசித்துப் பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஆள்தான் அந்த வண்டியிலேயே பழைய ஸ்பேர் பார்ட்!

இந்த ஜீப்பின் பூர்வீகம் கொஞ்சம் பெரிய இடம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லீஸ், ஃபோர்டு கம்பெனிகள் 6 லட்சத்துக்கு மேல் ஜீப் செய்து தள்ளின. சண்டைக்கு நடுவே, காட்டிலோ பாலைவனத்திலோ, ஒரு சிப்பாய் கையில் கிடைத்த ஸ்பேனரை வைத்துக்கொண்டு ரிப்பேர் பார்க்க வேண்டும். அதற்கேற்ற எளிமையான வண்டி. நம் நாட்டில் 1945-ல் லூதியானாவில் 'மஹிந்திரா அண்ட் முகமது' என்ற கம்பெனி தொடங்கியது. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதி மந்திரியாகி, பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே கம்பெனி 1948-ல் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆயிற்று. 'எம் அண்ட் எம்' மட்டும் அப்படியே இருந்தது. முத்திரைச் செலவு மிச்சம்!

அந்தக் கம்பெனியின் எம்.எம்.540 ஒன்றை, சின்னமனூர்ப் பக்கம் ஓர் ஏலத்தோட்டக்காரரிடம் என் நண்பன் வாங்கியிருந்தான். மதுரையில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரன். தொண்ணூறுகளின் மாடல், பியூஜோ டிசைனில் 2,112 சி.சி. டீசல் இன்ஜின். "மாப்ளே, ரெண்டு நாள் லீவு போடு. நாமளே வேலை பாத்து, மலையை ஒரு ரவுண்டு சுத்திட்டு வந்துருவோம்" என்றான். மாச முழுக்க ஃபைலையே புரட்டும் கைக்கு கிரீஸ் கொஞ்சம் படட்டுமே என்று நானும் கிளம்பிவிட்டேன்.

தேனி - கம்பம் ரோட்டில் ஒரு தகர ஷெட். மெக்கானிக் அண்ணனிடம் நண்பன் ஒரு லிஸ்ட்டை நீட்டினான். அகலமான டயர், கூரைமேல் வரிசையாக ஆறு லைட், முன்னால் வின்ச், நாலு ஊருக்குக் கேட்கிற ஹாரன். சினிமாவில் வில்லன் வந்து இறங்குவாரே, அந்த ஜீப்!

அண்ணன் நிதானமாகப் படித்தார். பிறகு இன்ஜின் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, அதே பேப்பரில் துடைத்தார்.

"தம்பி, வண்டி மேட்டுல ஏறாட்டி என்னாகும்?"

"நின்னுரும்ணே."

"இறங்குறப்ப நிக்காட்டி?"

நண்பன் வாய் திறக்கவில்லை. "அப்ப அதை மொதல்ல பாப்போம்" என்று ஜாக்கியை எடுத்தார் அண்ணன்.

சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்தால் உள்ளே ஈரம். இப்படி ஈரம் இருந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, வீல் சிலிண்டர் ரப்பர் போய் பிரேக் ஆயில் கசிகிறது. இல்லை, ஹப் ஆயில் சீல் போய் ஆக்ஸில் ஆயில் வருகிறது. முகர்ந்தே கண்டுபிடித்தார் அண்ணன். ஆயில் சீல். லைனிங் எண்ணெயில் ஊறிய வடையாக இருந்தது.

"பெட்ரோல் ஊத்திக் கழுவிட்டா போதாதாண்ணே?"

"வடையைக் கழுவுனா இட்லி ஆயிருமா தம்பி?"

எண்ணெய் குடித்த லைனிங்கை மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் இடம், வலம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுசு என்றால், பிரேக் அடித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மலையில் அந்த ஒரு பக்கம் பள்ளமாகவும் இருக்கலாம்! டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவும் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைப்பதே உத்தமம்.

அடுத்தது ரப்பர் சாமான்கள். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்களை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவினால் ஊதிப்போய்விடும். பிரேக் ஆயிலிலேயேதான் கழுவ வேண்டும். அந்த ஆயில் பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும். ஆசையாக அடித்த கலர் என்றால் ஜாக்கிரதை.

பிரேக் ஆயிலுக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட்-3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் ஏறிவிட்டால் அது 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் டிரம் சூடேறும், சூடு ஆயிலுக்குப் போகும், ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். குமிழை எவ்வளவு அமுக்கினாலும் அமுங்கும், சக்கரம் நிற்காது. கால் அடியில் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும் அந்த நிமிஷத்தில் குலதெய்வம் ஞாபகம் வரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிட்டால் குலதெய்வத்துக்குச் சிரமம் இல்லை.

பிறகு 'ஏர் எடுக்கிற' படலம். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே பெடலில், ஒருவர் கீழே நட்டில். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நம் ஊர் ஜீப்புக்கு முதலில் இடது பின் சக்கரம், அப்புறம் வலது பின், இடது முன், கடைசியில் வலது முன்.

"மிதி... மிதி... அமுக்கிப் பிடி... விடாத!" கீழேயிருந்து அண்ணன் அதட்ட, ஆபீஸில் எல்லோரையும் அதட்டும் என் நண்பன் பவ்யமாக மிதித்துக்கொண்டிருந்தான். இந்தக் காட்சிக்காகவே ரெண்டு நாள் லீவு போடலாம்!

குமிழ் நின்று சுத்த ஆயில் வந்ததும் ஷூவை டைட் வைத்தோம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, உரசுகிற வரை முடுக்கி, பிறகு லேசாகத் தளர்த்த வேண்டும். அவ்வளவுதான் வித்தை. சாயங்காலம் ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்து, துருப்பிடித்த எர்த் வயரைச் சுரண்டி முடுக்கினோம். மின்மினியாக இருந்த பழைய லைட்டே பளிச்சென்று எரிந்தது. கூரைமேல் ஆறு லைட் கேட்டவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டி ரோடு நேராகக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் போகிறது. இரண்டு பக்கமும் மலை, நடுவே வயல், தென்னை, பந்தல் பந்தலாகத் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இத்தனைக்கும் காரணம், மேற்கே போன பெரியாற்றைப் பென்னிகுக் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து 1895-ல் கிழக்கே திருப்பியதுதான். ஆற்றுக்கே 'ஆல்டரேஷன்' பார்த்த ஊர் இது! அந்த ஆல்டரேஷனும் சுப்ரீம் கோர்ட் வரை போனது வேறு கதை.

ஜீப் ஆல்டரேஷனும் அங்கே போயிருக்கிறது. கம்பெனி பதிவு செய்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. இன்ஜின் மாற்றுவதென்றால்கூட ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலில் அனுமதி வாங்க வேண்டும். 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறீர்களே, அப்போது வில்லன் ஜீப்பைப் பார்த்து இன்ஸ்பெக்டர் ஹீரோ ஆகிவிடுவார். இருப்பதை ஒழுங்காக ரிப்பேர் செய்ய மட்டும் யாரும் தடை சொல்லவில்லை.

கம்பத்தில் டீக்கடை வாசலில் வரிசையாக ஜீப்கள். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள். தினமும் விடியும் முன்னே கிளம்பி, மலையேறி, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவர்கள். கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று பள்ளத்தாக்கு முழுக்க இதே காட்சிதான். நாம் பாயசத்தில் போடும் ஏலக்காய், இந்த ஜீப்கள் ஏறி இறங்கினால்தான் வரும்.

ஓர் அக்கா ஏறுமுன் டிரைவரைக் கேட்டார்: "ஏப்பா, பிரேக்கைப் பாத்தியா?"

"பாத்துட்டேன்க்கா."

"நேத்தும் இதையேதான சொன்ன?"

"நேத்தும் வீடு போய்ச் சேந்தீகள்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால், டிரைவர் பெடலை மூன்று தரம் மிதித்துக் காட்டிய பிறகுதான் காலைத் தூக்கிப் படியில் வைத்தார். இந்தப் பாதைகளில் ஜீப் கவிழ்ந்து தோட்டத் தொழிலாளர்கள் உயிர் போன செய்தியை எத்தனை முறை பேப்பரில் படித்திருக்கிறோம்! அந்தக் கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை. நண்பன் டீயைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் ஜீப்பின் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு வந்தான். நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

கம்பம்மெட்டு ஏறி, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி. அங்கேயிருந்து கொழுக்குமலைக்கு வாடகை ஜீப். வேடிக்கையைக் கேளுங்கள். கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். வண்டியில் போக வழி கேரளாவிலிருந்துதான்! சொந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மொட்டை மாடி வழியாகப் போகிற கதை. சுமார் 8 ஆயிரம் அடி உயரம். அங்கே 1930-களில் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையில் அந்தக் காலத்து மெஷின்களைப் பார்க்கலாம். பழசைப் பிரித்து மாட்டி ஓட்டுவது இந்த மலைக்கே வழக்கம் போலிருக்கிறது.

பாதை என்று சொல்வது மரியாதைக்காக. வெறும் பாறாங்கல். குலுக்கிய குலுக்கலில் போன வாரம் சாப்பிட்ட பரோட்டாவெல்லாம் ஜீரணமானது. நான் இறக்கத்தில் டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி லீவர். ஒன்று முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும். இன்னொன்று 'லோ', வேகத்தைக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு குறைத்து, இழுவையைக் கூட்டும். இரண்டையும் போட்டு, ஃபர்ஸ்ட் கியரில் விட்டார். ஜீப் உறுமிக்கொண்டே ஆமை மாதிரி இறங்கியது. பிரேக் பெடல் மேல் கால் எப்போதாவதுதான் போனது!

"எந்த கியர்ல ஏறுவீங்களோ அந்த கியர்லயே இறங்கணும் சார். இன்ஜினே பிடிச்சு நிறுத்தும். பிரேக்கைக் கடைசிக்கு வச்சுக்கணும், மிச்சக் காசு மாதிரி."

அந்தப் பாடத்தோடுதான் போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினோம். தார் ரோடாச்சே, முன் சக்கர இழுவையும் லோவும் தேவையில்லை. காய்ந்த தாரில் அதைப் போட்டு வளைத்தால் ஆக்ஸிலும் ஜாயிண்டும் முறுக்கிக்கொள்ளும். செகண்ட் கியர், வளைவுக்கு முன்னால் மட்டும் ஒரு மிதி, அவ்வளவே. எங்களைத் தாண்டி ஒரு வண்டி இன்ஜினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் வழுக்கிக்கொண்டு போனது. டீசல் மிச்சமாம்! இன்ஜின் நின்றால் அதன் பிடிப்பும் போச்சு. பிரேக்குக்குப் பூஸ்டர் இருக்கும் வண்டியானால் அதன் உதவியும் நாலு மிதியில் தீர்ந்துவிடும். மிச்சம் பிடித்த டீசலை யார் செலவழிப்பது?

முந்தலில் இறங்கி நின்று நாலு சக்கரத்தின் ஹப்பையும் தொட்டுப் பார்த்தோம். ஒன்று மட்டும் சுடுகிறது என்றால் அங்கே ஷூ உரசுகிறது என்று அர்த்தம். நாலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. நண்பன் முகத்தில் இன்கிரிமென்ட் வந்த களை!

நீங்களும் பழைய ஜீப் வாங்கும் ஆசையில் இருந்தால், தாராளமாக வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையை அதன் அடியில் படுத்துக் கழியுங்கள். கிரீஸ் அடியுங்கள், ஆயில் மாற்றுங்கள், லைட்டுக்கு ரிலே வையுங்கள். பிரேக் வேலையை மட்டும் முதல் தடவை தெரிந்த மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அப்புறம் ஹாரன் வாங்கலாம்.

ஹாரன் அடித்தால் எதிரே வருகிறவன் ஒதுங்குவான். பள்ளம் ஒதுங்காது!