சராசரியும் என் பொண்ணும்

புனேவுக்குக் குடிவந்து பதினாலு வருஷமாச்சு. தங்கமணி இன்னிக்கும் ஸ்வார்கேட்டுல ரெண்டு பேர்கிட்ட வழி கேட்டுத்தான் வீடு வந்து சேருவாங்க. "பொம்பளைங்களுக்கு மேப் மண்டையில ஏறாது, பிபிசியே கணக்கெடுத்துச் சொல்லிட்டான்"னு கிண்டல் பண்றது என் வழக்கம். புள்ளிவிவரம் அலசுறதே நம்ம பொழப்புங்கிறதால வீட்டுல யாரும் எதிர்த்துப் பேசுறதில்லை :-)

போன வாரம் அதுவே வினையாச்சு. பத்தாவது முடிச்ச பொண்ணு, பதினொண்ணாம் கிளாஸ் ஃபாரத்துல கணக்கை அடிச்சிட்டு வந்து நின்னா. "ஆர்க்கிடெக்சர் வேணாம்ப்பா. உருவத்தை மனசுக்குள்ள திருப்பிப் பாக்கிறது பொண்ணுங்களுக்கு வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சுருக்குன்னு இருந்துச்சு. ராத்திரியே உக்காந்து அந்த ஆய்வை ஒழுங்காப் படிச்சேன்.

2005-ல பிபிசி இணையத்துல நடத்தினது. ரெண்டரை லட்சம் பேருக்கு மேல கலந்துக்கிட்டாங்க. முப்பரிமாண உருவத்தை மனசுல சுழற்றிப் பொருத்துறது அதுல ஒரு சோதனை. ரிச்சர்ட் லிப்பாவும் கூட்டாளிகளும் 2010-ல 53 நாடுகளை ஒப்பிட்டாங்க. எல்லா நாட்டுலயும் ஆண்களோட சராசரிதான் அதிகம். இதுவரைக்கும் நான் சொன்னது சரி.

சொல்லாம விட்டதுதான் தப்பு. லட்சக்கணக்குல ஆள் இருந்தா எறும்பளவு வித்தியாசம்கூட 'உறுதி'ன்னு வந்துடும். எவ்வளவு பெரிசுங்கிறதுதான் கேள்வி. ரெண்டு சராசரிக்கும் நடுவுல அரை திட்ட விலக்கம் இடைவெளின்னு வச்சுக்குங்க. கண்ணை மூடிக்கிட்டு ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் எடுத்தா, நூறு தடவையில சுமாரா 64 தடவை ஆண் முந்துவார். மிச்சம் 36 தடவை பெண்! இதை வச்சு ஒரு பொண்ணோட படிப்பை முடிவு பண்ண முடியுமா?

அப்புறம், அந்த லட்சம் பேர் யாரு? அவங்களா விரும்பி வந்தவங்க. 2005-ல நம்ம நாட்டுல பிரௌசிங் சென்டர் போய் இங்கிலீஷ் கேள்விக்குப் பதில் சொன்னவங்க எத்தனை பேர் இருப்பாங்க? சென்னிமலையில தறி ஓட்டுற எங்க அத்தை நிச்சயமா அதுல இல்லை. இந்தத் திறமை பழகப் பழகக் கூடும்னும் ஆய்வுகள் இருக்கு.

காலையில இதெல்லாம் பேப்பர்ல வரைஞ்சு காட்டினேன். புது ஃபாரம் வாங்கிக் கணக்கை எழுதினா. எழுதி முடிச்சிட்டு, "அப்ப அம்மாவை ஏன் இத்தனை வருஷமாக் கிண்டல் பண்ணீங்க?"ன்னா.

அதுக்கு எங்கிட்ட புள்ளிவிவரம் இல்லை. நேத்து தங்கமணி வண்டி ஓட்ட, நான் பின்னாடி உக்காந்து வந்தேன். ஒரு இடத்துல தப்பாத் திரும்பினாங்க. நான் வாயைத் திறக்கலை.