ஒத்து ஊதிய கார்த்திகை

நவம்பர் 3, திங்கள்

பகல் வேலை முடிந்ததும் உடுப்பு மாற்றாமல் நேரே பாட்டுப் பயிற்சிக்குப் போனேன். நத்தார் கச்சேரிக்கு இந்த முறை பெரோத்தினின் ‘விதெருந்த் ஓம்னெஸ்’. பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத்துக்காக, 1198ஐ ஒட்டி உருவான பாட்டு. நான்கு குரல். மேலே மூன்று குரல்கள் குதித்தும் உரசியும் ஓடும். கீழ்க் குரல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கீழ்க் குரலுக்கு நானும் இன்னும் மூன்று பேரும். ‘வீ’ என்ற முதல் அசையை மட்டும் இன்று ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்தோம்.

வீட்டில் சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, பாசல் வரைக்கும் வந்து ஒத்து ஊதத்தான் போறியளோ?”

பகிடிதான், ஆனால் சொல் சரி. எங்கள் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் கன்னம் உப்ப ஒத்து ஊதிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவருடைய பெயரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ஒத்து என்று நினைத்தது பாதிதான் சரி. ஒத்துக்காரர் சுருதியைத் தருகிறார், சுரம் மாறுவதில்லை. எங்கள் சுரம் மாறுகிறது, மிக மிக மெதுவாக. நாங்கள் பிடித்துக்கொண்டு நிற்பது சுருதியே அல்ல, ஒரு பழைய மெட்டு. நத்தார்ப் பூசையில் நூற்றாண்டுகளாக ஒற்றைக் குரலில் பாடிவந்த கிரகோரியப் பண். அதன் ஒவ்வொரு சுரத்தையும் பெரோத்தின் ரப்பர் போல இழுத்து அடியில் போட்டுவிட்டு, மேலே தன் மூன்று குரல்களை ஆட விட்டார். எங்கள் கீழ்க் குரலுக்குள்ள ‘தெனோர்’ என்ற பெயரே பிடித்திருப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது.

ஆக, அடியில் நிற்பதுதான் மறைமொழி. மேலே நடப்பது அலங்காரம். ஆனால் நால்வர் சேர்ந்து அந்த மறைமொழியை யாருக்கும் விளங்காத வேகத்தில் பாடுகிறோம்!

நவம்பர் 8, சனி

மழை. வெளியே போகவில்லை. சங்க்ட் காலன் மடத்து நூலகத்தின் 359ஆம் சுவடியைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். 922க்கும் 926க்கும் இடையில் எழுதியது என்கிறார்கள். எங்கள் பாட்டின் மூலப்பண் அதில் இருக்கிறது. கோடுகள் இல்லை. சொற்களுக்கு மேலே கொக்கியும் வளைவும் புள்ளியுமாகக் குறிகள். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவை காட்டும். எவ்வளவு ஏறுகிறது என்று காட்டா. பாட்டு ஏற்கெனவே நெஞ்சில் இருப்பவனுக்குத்தான் அந்த ஏடு உதவும். குருவிடம் கேட்டுப் படித்தவன் தன் கொப்பியில் கிறுக்கிவைத்த குறிப்பு மாதிரி.

இடையிடையே குட்டி எழுத்துகள். ‘சி’ என்றால் விரைவாக. ‘டி’ என்றால் இழு, பிடித்து நில். பிடித்து நிற்கச் சொல்லும் கட்டளை பெரோத்தினுக்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே பக்கமெங்கும் சிதறிக் கிடக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

மூச்சுப் பிரச்சினை. நால்வரும் ஒரே இடத்தில் மூச்சு விட்டால் தரை போய்விடும், மேலே ஆடுபவர்கள் அந்தரத்தில் நிற்பார்கள். ஆளுக்கொரு இடம் குறித்துத் தந்தார் பாட்டு நடத்துபவர். என் பக்கத்தில் நிற்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர். குறித்த இடத்தில் மூச்சு விடுவது அவருக்குச் சரிவராது. எனக்கு வரும் நேரத்தில்தான் அவருக்கும் வருகிறது.

தாளில் கோடுகளும் கண்ணைக் குழப்புகின்றன. எஃப் சுரத்தின் கோட்டைச் சிவப்புப் பென்சிலால் அழுத்தி வரைந்துகொண்டேன். கெட்டித்தனம் என்று நினைத்தேன். அரெட்சோவின் குயிதோ ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செய்த வேலை. எஃப் கோட்டுக்குச் சிவப்பு, சி கோட்டுக்கு மஞ்சள். உத், ரே, மி, ஃபா என்று சுரங்களுக்கு அசை கொடுத்தவரும் அவர்தான். பத்து ஆண்டு பாடியும் தேறாத பையன்களைத் தன் முறையால் ஓரிரு ஆண்டில் பாடகராக்கலாம் என்று நண்பர் மிக்கேலுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பொம்போசா மடத்தில் பொறாமை கிளம்பியதில் வியப்பில்லை. கேட்டறியாத பாட்டைத் தாளைப் பார்த்தே பாடலாம் என்றால் மூத்த வித்துவானை யார் மதிப்பார்கள்?

நவம்பர் 13, வியாழன்

இரவு வேலை. பெரோத்தின் யாரென்று தேடினால் கையில் சிக்குவது ஒரு பெயர்தான். பாரிஸில் படித்தவர் என்று கருதப்படும் ஓர் ஆங்கிலேயர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய குறிப்பில் லெயோனின், பெரோத்தின் என்ற இருவரையும் சொல்கிறார். முதலாமவர் இரண்டு குரல் பாட்டுகளைத் தொகுத்தவர். அடுத்தவர் அவற்றைத் திருத்தி மூன்று, நான்கு குரலுக்குக் கொண்டுபோனவர். சொன்னவருக்குப் பெயர் இல்லை. பிற்காலப் பதிப்பாளர் போட்ட இலக்கத்தால் ‘நான்காம் அநாமதேயர்’ ஆகிவிட்டார். ஊர் பேர் தெரியாதவர் சொல்லித்தான் பெரோத்தின் நமக்குத் தெரியும்.

1198 என்ற ஆண்டு வந்த வழி வேறு. சனவரி 1ஆம் திகதித் திருநாளில் நோத்ர் தாம் தேவாலயத்துக்குள் நடந்த கோமாளிக் கூத்துகளை அடக்க பாரிஸ் பிஷப் ஓதோ ஓர் ஆணை போட்டார். வழிபாட்டை ஒழுங்காக நடத்துங்கள். பண்ணை மூன்று நான்கு குரலில் பாடலாம் என்றார். 1163இல் தொடங்கிய கட்டட வேலை அப்போதும் முடியவில்லை. சாரத்துக்கு நடுவே பாடியிருப்பார்கள்.

நவம்பர் 17, திங்கள்

இன்று இரண்டாவது பாட்டு தந்தார்கள். இதை எழுதத்தான் அவசரமாக வந்து உட்கார்ந்தேன்.

கதை இப்படி. பெரோத்தின் காலத்தை ஒட்டி, பாட்டின் நடுவே வரும் சில துண்டுகளின் மேற்குரல்களுக்கு யாரோ புதிய சொற்கள் கட்டினார்கள். மோட்டெட் பிறந்தது. முதலில் லத்தீனில் பக்திச் சொற்கள். பிறகு பிரெஞ்சு வந்தது, காதல் வந்தது, குடி வந்தது. மேலே ஒருவன் ஒரு பெண்ணுக்காக உருக, இன்னொருவன் அதே நேரத்தில் வேறொரு பாட்டுப் பாட, கீழே தெனோர் மட்டும் பழைய பண்ணின் துண்டோடு அசையாமல் நிற்கும். நாங்கள் பாடும் ‘ஓம்னெஸ்’ துண்டையே அடியில் வைத்துப் பல மோட்டெட்டுகள் உண்டு. தெனோருக்குச் சொல்லே தரமாட்டார்கள். இன்ன பண் என்று காட்ட ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நிலத்துக்காரனைக் கேளாமல் மேலே மாடி கட்டின மாதிரி.

இந்தப் பாட்டுகளின் பெரிய தொகுப்பு மொன்பெலியே சுவடி. முந்நூறுக்கு மேற்பட்ட பாட்டுகள். அது இருப்பது அந்த ஊர் மருத்துவப் பீடத்து நூலகத்தில். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் எனக்கு இதில் ஒரு அற்பச் சந்தோஷம்.

இன்று தந்த மோட்டெட்டும் அதிலிருந்துதான். மேலே இரண்டு குரல்கள் பாரிஸ் வாழ்க்கையைப் புகழ்கின்றன: நல்ல ரொட்டி, நல்ல வைன், சிநேகிதர்கள், கையில் காசில்லாதவனுக்கும் கட்டுப்படியாகும் இன்பம். கீழே தெனோர் என்ன பாடுகிறது? மறைமொழி போயே போய்விட்டது. தெருவில் பழம் விற்பவனின் கூவல்! ஸ்ட்ராபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி என்று திரும்பத் திரும்ப.

நூறு ஆண்டு கூட ஆகவில்லை. பண் நின்ற இடத்தில் பழக்காரன் வந்து நிற்கிறான், அதே நீட்டி முழக்கலோடு.

நவம்பர் 20, வியாழன்

தென்பிரான்சின் துருபதூர் கவிராயர்களின் பாட்டுகள் ஏறத்தாழ 2,500 எஞ்சியிருக்கின்றன. மெட்டோடு கிடைப்பது பத்தில் ஒன்றுதான். பெண் கவிராயர்களில் தியா சீமாட்டியின் ஒரே ஒரு பாட்டுக்கு மெட்டு உண்டு. மடத்தில் எழுதத் தோலும் இருந்தது, எழுதுபவனும் இருந்தான். தெருப்பாட்டுக்கு அந்தத் தேவை வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதிவைப்பார்கள்? பழக்காரனின் கூவல் தப்பியதே படித்த ஒருவன் அதைத் திருடி அடியில் வைத்ததால்தான்.

நவம்பர் 24, திங்கள்

1324-25இல் அவிஞ்ஞோனிலிருந்து பாப்பரசர் 22ஆம் யோவான் கோபமாக ஓர் ஆணை விட்டார். பண்ணை விக்கல் போலத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள், ஊர்மொழிப் பாட்டுகளை அதில் திணிக்கிறார்கள் என்று முறைப்பாடு. திருநாளில் வேண்டுமானால் பண்ணுக்கு மேல் எட்டாம், ஐந்தாம், நான்காம் சுரப் பொருத்தங்களைச் சேர்க்கலாம் என்று சின்னச் சலுகை. அவர் கோபத்தில் எனக்குக் கொஞ்சம் உடன்பாடு உண்டு. மூன்று வாரமாக அடியில் நிற்பவன் நான். ஆனால் யார் கேட்டார்கள்? அதே நூற்றாண்டில் ரெய்ம்ஸ் தேவாலயத்தின் கீயோம் த மஷோ அந்த விக்கலையும் வைத்தே முழுப் பூசைக்கு நான்கு குரலில் இசை எழுதினார். காதல் பாட்டுகளை எழுதிக் குவித்தவரும் அவரே.

டிசம்பர் 1, திங்கள்

தபால்காரருக்குத் தடிமன். என் தொண்டையும் அரிக்கிறது. கொத்தமல்லித் தண்ணீர்.

டிசம்பர் 14, ஞாயிறு

கச்சேரி முடிந்தது. கல் கட்டடத்தில் பாடிய பிறகுதான் சில விளங்கின. அறையில் வறட்டுப் பிடியாக இருந்த ‘வீ’, அங்கே கூரையில் ஏறிச் சுற்றி எங்கள் தலையிலேயே வந்து இறங்கியது. மேற்குரல்கள் மும்மூன்றாகத் துள்ளிக்கொண்டே இருந்தன. தொடையில் திஸ்ரம் தட்டாமல் இருக்கக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடத்துக்குமேல் ஒரே சுரத்தில் நின்றுவிட்டு அடுத்ததுக்கு நகர்ந்தபோது முன்வரிசையில் ஓர் ஆள் நிமிர்ந்து பார்த்தார். வீடே ஒரு அடி நகர்ந்தாற்போல இருந்திருக்கும்.

பழக்காரனாக நான் கொஞ்சம் கூடுதலாகவே கத்திவிட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

மகள் கைபேசியில் பதிவு செய்திருக்கிறாள். தேத்தண்ணியோடு இருந்து முழுவதும் கேட்டோம். என் குரல் எது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நானும் தபால்காரரும் ஒன்றாக மூச்சு விட்ட இடம் மட்டும் நன்றாகக் கேட்கிறது.