முழு வட்டம்

ஜப்பானியத் தர முறைகளை விரும்பிக் கற்ற ஊர் ஓசூர். இங்குள்ள டி.வி.எஸ். மோட்டார் 2002இல் டெமிங் விருது பெற்றது. நான் பணியாற்றிய வேறொரு சிறு தொழிற்சாலையிலும் திறன் அட்டவணை சுவரில் தொங்கியது. ஒவ்வொரு பெயருக்கெதிரேயும் ஒரு வட்டம். கற்பவருக்குக் கால், மேற்பார்வையில் செய்பவருக்கு அரை, தனித்துச் செய்பவருக்கு முக்கால், பிறருக்குக் கற்பிப்பவருக்கு முழுமை.

பின்னர் அது கணினிக்குள் சென்றது. காணொளிப் பாடம் பார்த்து, ஆங்கில வினாக்களுக்கு விடையளித்தால்தான் வட்டம் நிறையும். ஒலியைக் கேட்டே லேத்தில் டூல் மழுங்கியதைச் சொல்லிவிடும் சூளகிரிக்காரர், தெலுங்கும் தமிழும் மட்டுமே அறிந்தவர், அரைவட்டமானார். அவ்வொலியைக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அதைப் பதிய அங்கே இடமில்லை. அரைவட்டத்துக்கு ஒப்புதலளித்தவன் நான்.

அதுவரை 'தம்பி' என்றழைத்தவர், மறுநாள் 'சார்' என்றார்.